நாற்பது யூனிட்டும் சொன்ன ஒரே பதில்

கல்லூரி மேடம் எங்கள் தையல் ஷெட்டுக்கு முதன்முதலில் வந்தபோது கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கையில் கிளிப் போட்ட அட்டை, அதில் ஒரு கத்தைத் தாள்கள். எங்களுக்கு அது போதும். வாசலோர மெஷினில் உட்கார்ந்திருந்த மூத்த தையல்காரி திரும்பிப் பார்த்து, "ஆடிட்டு" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். சற்று நேரத்துக்குள் பதினோரு பெண்களின் முகத்திலும் மாஸ்க் ஏறியது. டீ டம்ளர்கள் மேஜைக்கடியில் போயின. என் மனைவி வீட்டுக்குள் ஓடிச் சாவியை எடுத்துவந்து முதலுதவிப் பெட்டியைத் திறந்து வைத்தாள். நான் தீயணைப்பு உருளையின் மேல் காயப்போட்டிருந்த துண்டை எடுத்துச் சுருட்டிக்கொண்டேன்.

"பரவாயில்லையே, ரொம்ப ஒழுங்கா வெச்சிருக்கீங்க," என்றார் மேடம்.

"எப்பவுமே இப்படித்தான் மேடம்," என்றார் மூத்த தையல்காரி, யாரும் கேட்காமலே. "எட்டு மணி நேரம்தான் வேலை. அண்ணன் தங்கமானவரு."

ஆம்பூரில் ஷூ வேலை செய்கிறவர்களுக்கு ஆடிட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் தைக்கிற ஷூவை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் அவ்வப்போது ஆள் அனுப்பும். அந்த ஆள் வேலை செய்கிறவர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். அதற்கு ஒரு வாரம் முன்பே தொழிற்சாலையில் எங்களுக்குப் பாடம் நடக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அந்தப் பாடத்தைத்தான் ஜாஸ்தி படித்திருக்கிறேன். ஓவர் டைம் ஏன் செய்தீர்கள்? விருப்பப்பட்டுத்தான். ஞாயிற்றுக்கிழமை ஏன் வந்தீர்கள்? விருப்பப்பட்டுத்தான். கேள்வி புரியாவிட்டால் என்ன செய்வது என்று ஒருவன் கேட்டான். "அப்பவும் அதையே சொல்லு. தப்பாவாது," என்றார் பாடம் எடுத்தவர்.

மேடம் தன்னைப் பற்றிச் சொன்னார். வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் மேலாண்மை பாடம் நடத்துகிறார். சிறிய தொழில்முனைவோரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். அது எதுவும் என் காதில் ஏறவில்லை. எனக்குப் புது மனிதர்கள் முன்னால் நாக்கு வராது. அன்றைக்கு என் கண் அந்த நீல நாடாவைவிட்டு நகரவே இல்லை.

"இந்தத் தொழிலை நீங்க ஏன் ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டு, தாளிலிருந்த பதில்களை ஒவ்வொன்றாகப் படித்தார். சந்தையில் வாய்ப்பைக் கண்டதால். குடும்பத் தொழில் என்பதால். வேறு வேலை கிடைக்காததால். சொந்த விருப்பத்தால்.

கடைசிப் பதிலைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. தெரிந்த கேள்வி.

"விருப்பப்பட்டுத்தான் மேடம்," என்றேன்.

அவர் சந்தோஷமாக டிக் அடித்தார்.

நடந்தது வேறு. தொழிற்சாலையில் பதினான்கு வருஷம் தையல் மெஷினில் இருந்தேன். ஒருநாள் மத்தியானம் எங்களில் ஆறு பேரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஷூவின் மேல்பாகம் தைக்கிற வேலையை இனி வெளியே கொடுக்கப் போகிறோம், ஆளுக்கு ஒரு யூனிட் போட்டுக்கொள்ளுங்கள், பழைய மெஷின்களை நாங்களே தருகிறோம் என்றார்கள். வெட்டிய தோல் கட்டுக் கட்டாக வரும். ஓரம் மடித்து, உள்துணி வைத்துத் தைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அடிப்பாகம் ஒட்டுவதும் கப்பல் ஏற்றுவதும் அவர்கள் பாடு. யோசித்துச் சொல்கிறோம் என்று ஒருவர் சொன்னார். யோசிக்க ஒன்றுமில்லை, திங்கட்கிழமை முதல் அந்தத் தையல் லைன் தொழிற்சாலைக்குள்ளே இருக்காது என்றார்கள். அவர்கள் நீட்டிய தாளில் நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை மினி லாரியில் மெஷின்கள் வந்து இறங்கின. அவற்றில் ஒன்று நான் உட்கார்ந்து தைத்த மெஷின். அதன் மேஜைக்கு அடியில், வலது பக்கம், என் முழங்கால் பட்டுப் பட்டுப் பெயிண்ட் போன இடம் அப்படியே இருந்தது. திங்கட்கிழமை காலையில் அதே மெஷினில் அதே ஷூவின் அதே துண்டைத் தைத்தேன். முழங்கால் அதே இடத்தில் பட்டது. மாறியது என்னவென்றால், பி.எஃப். பிடிப்பது நின்றது. தெருவில் இரண்டு பேர் என்னை முதலாளி என்று கூப்பிட்டார்கள்.

இதையெல்லாம் சொல்ல மேடத்தின் தாளில் இடமில்லை. இடமிருந்திருந்தாலும் அன்றைக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். மூத்த தையல்காரி மாஸ்க்கைத் தேட ஆரம்பிக்க, மேடம் நேரே என்னிடம் வந்து லேப்டாப்பைத் திறந்தார். திரையில், தாளிலிருந்த நாலு பதில்களுக்கும் நாலு பட்டைகள். மூன்று தரையோடு கிடந்தன. ஒன்று மட்டும் உச்சி வரை போயிருந்தது.

"ஆம்பூர், பேரணாம்பட்டு ரெண்டு பக்கமும் சேர்த்து நாற்பது யூனிட் பாத்தேன். நாற்பது பேருமே சொந்த விருப்பத்தால ஆரம்பிச்சேன்னு சொல்லியிருக்கீங்க. நான் படிச்ச வரைக்கும் எந்த ஊர்லயும் இப்படி இல்ல. என் ஆராய்ச்சி கைடுகூட நம்பல."

பேரணாம்பட்டில் எனக்கு யாரையும் தெரியாது. ஆனால் அவர்களும் அதே பாடத்தைப் படித்தவர்கள் என்று தெரிந்தது. நாற்பது பேரும் ஆடிட் பதில் சொல்லியிருக்கிறோம். இந்த அம்மாள் அதை எடுத்து வைத்துக் கோடு போட்டிருக்கிறார்.

"இதை வெச்சு என்ன மேடம் எழுதுவீங்க?" என்று கேட்டேன். நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"தொழிலாளி தானா விரும்பி முதலாளியா மாறுறான்னு எழுதுவேன். இவங்களுக்கு பி.எஃப்., இன்சூரன்ஸ் மாதிரி பாதுகாப்பெல்லாம் பெரிசா தேவைப்படாது, விருப்பப்பட்டு வெளிய வந்தவங்கதானேன்னு என் கைடு சொல்றாரு. அந்த அத்தியாயத்துல உங்க யூனிட்டத்தான் உதாரணமா எடுத்துக்கப் போறேன். பேர் போட மாட்டேன். அடுத்த வியாழக்கிழமை என் வகுப்புக்கு வந்து பசங்க முன்னாடி பேசுங்களேன்."

நான் தலையை ஆட்டினேன். எதற்கும் தலையாட்டுவது என் வழக்கம். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். அவள் ஓரம் மடிக்கிற சுத்தியலைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"இப்ப இன்னா பண்ணப் போற?"

"நெசத்தச் சொல்லிடலாம்னு பாக்கறேன்."

"எங்க, காலேஜ்லயா? ரேஷன் கடையில பாமாயில் குடுக்கலன்னு கேக்கவே நான்தான் போவணும். நீ போய் நூறு பேர் முன்னால பேசப் போறியா?" சுத்தியல் இரண்டு தடவை விழுந்தது. "பேசிட்டா வேலை வராது. தெரியும் இல்ல?"

தெரியும். மறுநாளே தொழிற்சாலை சூப்பர்வைசர் போன் செய்தார். செய்தி எப்படிப் போனதோ.

"காலேஜ்ல பேசப் போறியாமே. பெரிய ஆளாய்ட்ட பா. ஆடிட்ல சொல்றா மாதிரியே அழகா சொல்லிட்டு வந்துடு. பேஜார் வேணாம்." மிரட்டிய குரல் இல்லை. அவர் நல்ல மனிதர். அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

வேலை நின்றால் நான் மட்டும் நிற்கப் போவதில்லை. பதினோரு பேரின் வேலையை வைத்து நானாக முடிவெடுப்பது சரியில்லை என்று தோன்றியது. மறுநாள் டீ நேரத்தில் எல்லாரிடமும் விஷயத்தைச் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"அண்ணா, எனக்கு வேலை வேணும்," என்றாள் ஓரத்திலிருந்த ஒரு பெண். அவள் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. "உன் நெசம் எனக்கு சோறு போடாது."

மூத்த தையல்காரி டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"இருபது வருசமா ஆடிட்டுக்குச் சிரிச்சு சிரிச்சு எனக்கு வாயே கோணிப் போச்சு. நம்ம சொன்ன பொய்ய வெச்சு நமக்கே பி.எஃப். வேணாம்னு எழுதினா, அது இன்னா நாயம்? கம்பெனி பேரச் சொல்லாதே. மத்தத சொல்லு. நாலு நாள் வேலை இல்லன்னா இவளுக்கு நாம எல்லாரும் அரிசி குடுப்போம்."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "பச்சரிசி வேணாம்," என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்த நிமிஷம் முடிவு செய்துவிட்டேன்.

வியாழக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வேலூர் பஸ் ஏறினேன். பள்ளிகொண்டா வரும் வரை, பேசுவதை மனதுக்குள் தைத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதற்கு அப்புறம் ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. மாதாகோயிலில் வேதம் வாசிக்கச் சொன்னாலே காய்ச்சல் வருகிறவன் நான்.

வகுப்பில் அறுபது பேர் இருக்கலாம். கடைசி வரிசையில் மேடத்தின் கைடு உட்கார்ந்திருந்தார். மேடம் என்னை அறிமுகப்படுத்தினார். சாதாரணத் தொழிலாளியாக இருந்து சொந்த முயற்சியால் தொழில்முனைவோர் ஆனவர் என்றார். கைதட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். தண்ணீர் குடித்தேன். மறுபடியும் குடித்தேன். முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி சிரிப்பை அடக்கினாள்.

பையிலிருந்து நாங்கள் தைத்த ஒரு ஷூவின் மேல்பாகத்தை எடுத்தேன். கையில் தோல் இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

"மேடம் என்கிட்ட ஏன் ஆரம்பிச்சேன்னு கேட்டாங்க. விருப்பப்பட்டுன்னு சொன்னேன். அது பொய்," என்றேன். "நான் ஆரம்பிக்கல. மெஷினை என் வீட்டுக்கு அனுப்பினாங்க."

மேடத்தின் பக்கம் நான் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவேன் என்று தெரியும். ஆடிட் என்றால் என்ன, அதற்கு எப்படிப் பாடம் நடக்கும், கழுத்தில் அட்டை போட்டு யார் வந்தாலும் நாங்கள் என்ன செய்வோம், எல்லாவற்றையும் சொன்னேன். முதலுதவிப் பெட்டியின் சாவி வீட்டுக்குள் இருப்பதையும் சொன்னேன். நாற்பது யூனிட்டும் ஒரே பதில் சொன்னது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும் என்றேன்.

ஒரு பையன் கை தூக்கினான். "அப்போ நீங்க முதலாளி இல்லையா சார்?"

சார் என்று கூப்பிட்டது கூச்சமாக இருந்தது. யோசித்துத்தான் சொன்னேன். "மெஷின் என்னுது. தோலு அவங்களுது. எந்த மாடல், எத்தினி ஜோடி, எந்த நாள், எல்லாம் அவங்க சொல்றது. வேலை இல்லாத அன்னிக்கு, நாளைக்கு வராதீங்கன்னு ஆளுங்க மூஞ்சியப் பாத்து சொல்லணும் பாருங்க, அது மட்டும் என் வேலை. முன்னாடி அத அவங்க சொல்லிட்டிருந்தாங்க."

கடைசி வரிசையிலிருந்து கைடு கேட்டார். "உங்களுக்குப் பிடிக்கலன்னா மறுத்திருக்கலாமே. இத்தனை வருஷம் நடத்துறீங்கன்னா விருப்பம் இருக்குன்னுதானே அர்த்தம்?"

அந்தக் கேள்வி நியாயமானது. பஸ்ஸில் நான் யோசித்து வைத்த எதுவும் அதற்குப் பதிலாக இல்லை. தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இருக்கு ஐயா," என்றேன். "மூணாவது வருஷம் வந்துச்சு. ஸ்கூல் விடற நேரத்துக்கு என் யூனிட்டுப் பொம்பளைங்க வீட்டுக்குப் போய்ட்டு வரலாம்னு நான் வெச்சேன். கம்பெனி கேட்டுக்கு உள்ள இருந்தா அத நான் செஞ்சிருக்க முடியாது. அப்பதான் முதல் தடவையா இது என்னுதுன்னு தோணிச்சு. ஆனா அது அப்புறம் வந்தது. மொதல் நாள் இல்ல. மேடம் தாள்ல மொத நாளைப் பத்தி மட்டும்தான் கேள்வி இருக்கு. எங்களை எது வெளிய அனுப்பிச்சுதுன்னு ஒரு கேள்வியும் இல்ல."

அவர் பேனாவை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று தெரியாது.

வகுப்பு முடிந்து வராந்தாவில் மேடம் என்னைப் பிடித்தார். கண் சிவந்திருந்தது. "ரெண்டு வருஷ வேலைங்க இது. முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க அட்டை போட்டுட்டு வந்தீங்க மேடம்," என்றேன்.

அவர் குனிந்து தன் நெஞ்சில் கிடந்த அட்டையைப் பார்த்தார். படியிறங்கிப் போனார். நான் தப்பு செய்துவிட்டேனோ என்று பஸ் ஸ்டாண்ட் வரை நினைத்துக்கொண்டே நடந்தேன். செய்யவில்லை என்று பஸ்ஸில் உட்கார்ந்ததும் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் தோல் கட்டு வரவில்லை. "மாடல் மாறுது பா, வெயிட் பண்ணு," என்றார் சூப்பர்வைசர். மாடல் மாறியதா, நான் பேசியது போய்ச் சேர்ந்ததா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் வழியில்லை. வகுப்பில் சொன்னதையே ஷெட்டில் செய்ய வேண்டி வந்தது. பதினோரு பேரின் முகத்தையும் பார்த்து, நாளைக்கு வராதீங்க என்றேன். தரையைப் பார்க்காமல் சொன்னேன். எட்டு நாள் வேலை இல்லை. மூத்த தையல்காரி வீடு வீடாகப் போய் அந்தப் பெண்ணுக்கு அரிசி சேர்த்தார், என் வீட்டிலும் வாங்கினார். நான் தினமும் காலையில் தொழிற்சாலை கேட்டுக்குப் போய் நின்றேன். செக்யூரிட்டி, "இன்னும் இல்லண்ணா" என்பார். மறுநாளும் போவேன்.

ஒன்பதாம் நாள் ஆட்டோ நிறையக் கட்டு வந்தது. கன்டெய்னர் போக வேண்டும், அவசரம் என்றார்கள். எங்களை மாதிரி தைக்கத் தெரிந்தவர்கள் அவர்களுக்கும் வேண்டியிருக்கிறது. அதை அதுவரை நான் அப்படி எண்ணிப் பார்த்ததில்லை.

அந்த வாரமே மேடம் வந்தார். கழுத்தில் அட்டை இல்லை, கையில் தாள் இல்லை. சாதாரணப் பருத்திப் புடவை. "நான் கொஞ்ச நாள் சும்மா உக்காந்துக்கிறேன்," என்று சொல்லி, என் மனைவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஓரம் மடிக்கக் கற்றுக்கொண்டார். முதல் நாள் கட்டைவிரலில் அடித்துக்கொண்டார். முதலுதவிப் பெட்டி பூட்டியிருந்தது. என் மனைவி சாவி எடுக்க ஓட, எல்லாரும் சிரித்தார்கள், மேடமும் சிரித்தார். அன்றிலிருந்து பெட்டிக்குப் பூட்டு கிடையாது.

நாலாம் நாள் அவர் என்னிடம் வந்தார். பழைய நாற்பது தாள்களையும் ஒதுக்கிவிட்டதாகச் சொன்னார். கேள்விகளைப் புதிதாக எழுதியிருக்கிறார். முதல் கேள்வி, வெளியே வருவதற்கு முந்தின நாள் நீங்கள் எங்கே வேலை செய்தீர்கள் என்பது. இதே மெஷினில் என்று காட்டினேன். முழங்கால் பட்ட இடத்தைக் குனிந்து பார்த்து எழுதிக்கொண்டார். மற்ற முப்பத்தொன்பது இடத்துக்கும் திரும்பப் போகப் போகிறேன், எவ்வளவு நாள் ஆனாலும் சரி என்றார். எனக்கு மார்பு நிமிர்ந்தது.

"இப்ப இவங்ககிட்டயும் கேக்கணும்," என்று பெண்கள் பக்கம் திரும்பினார். "இங்க வேலை எப்படிம்மா இருக்கு?"

மூத்த தையல்காரி மெஷினை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்துச் சிரித்தார். "எட்டு மணி நேரம்தான் மேடம். ஞாயித்துக்கெழம வந்தாலும் நாங்களா விருப்பப்பட்டுத்தான்."

கிண்டல் இல்லை. என்னைப் பார்த்துவிட்டு, வாயில் தயாராக இருந்ததைச் சொன்னார். எனக்குத் தைரியம் கொடுத்தவர், அந்த எட்டு நாளும் அரிசி சேர்த்தவர். போன ஞாயிற்றுக்கிழமை அவசரம் என்று எல்லாரையும் வரச் சொன்னது நான். கோயிலுக்குப் போக வேண்டும் என்று இவர் சொன்னதைக் காதில் வாங்காதவன் நான். அறுபது பேர் முன்னால் நின்றபோதுகூட எனக்கு அவ்வளவு கூசவில்லை.

மேடம் என்னை ஏறிட்டார். அவர் கேட்க வருவதற்கு முன் நானே சொன்னேன்.

"நான் வெளிய போறேன். எல்லாத்தையும் சொல்லுங்க. என்னைப் பத்தியும். ஒருத்தருக்கும் வேலை போவாது, நான் சொல்றேன்." என் மனைவியையும் கூப்பிட்டேன்.

"நான் இன்னாத்துக்கு வரணும்?" என்றாள் அவள். "எனக்கும் சொல்ல வேண்டியது கீது."

தெருவில் வந்து டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றேன். உள்ளே மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பிறகு யாரோ ஒருத்தி ஃபேனைப் பற்றி ஆரம்பித்தாள். அப்புறம் மூத்த தையல்காரியின் குரல், ஞாயிற்றுக்கிழமை என்றது. அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று தெருமுனை வரை நடந்தேன்.

போன் அடித்தது. சூப்பர்வைசர்.

"தச்ச பீஸ் எப்பப்பா வரும்? வண்டி அனுப்பட்டுமா?"

"லேட் ஆவும் சார். உள்ள பேசிட்டு கீறாங்க."

"யாரு?"

"நம்ம தையல் ஆளுங்க."

"வேலை நேரத்துல இன்னா பேச்சு? உள்ள போய்ப் பாரு பா."

"இல்ல சார்," என்றேன். "அவங்க கூப்பிடற வரைக்கும் நான் உள்ள போவ மாட்டேன்."